இரு தாயர், மூன்று மக்கள், ஒரு வழக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - புள்ளியியல்)

குடும்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தந்தை, தாய், மக்கள் என்னும் வரிசையே நம் மனத்தில் எழுகிறது. பள்ளிப் பாடநூலின் படத்திலும் அதுவே. பங்கீட்டு அட்டையிலும் அதுவே. எனினும் அந்த வரிசைக்குள் அடங்காத குடும்பங்கள் என்றும் இருந்து வந்துள்ளன. கணவனை இழந்தவள் தனியே வளர்த்த பிள்ளை, பாட்டியிடம் வளர்ந்த பேரன், அக்காள் எடுத்து வளர்த்த தம்பி என்று நம் ஒவ்வொருவர் தெருவிலும் ஒரு வீடேனும் இருக்கும். இவற்றைச் சமூகம் ஏற்றுக் கொள்கிறது. சில வேளைகளில் பாராட்டவும் செய்கிறது. ஆனால் ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் இணைந்து வாழ்ந்து, ஒரு குழந்தையையும் வளர்ப்பதென்றால் நம் குரல் மாறிவிடுகிறது.

எங்கள் விடுதியில் ஒரு நாள் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தோழியர் பலரும் சொன்னது ஒன்றே. "பெரியவர்கள் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் பிள்ளையின் கதி என்ன?" என்றார்கள். இது நியாயமான வினாவே. கேட்பவர் மனத்தில் வெறுப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இவ்வினாவை ஊகத்தால் அளக்காமல், இரு தரப்புச் சாட்சிகளையும் கூண்டில் ஏற்றி, புள்ளிவிவரங்களைக் குறுக்கு விசாரணை செய்து அளந்த நீதிமன்றம் ஒன்று உண்டு. அந்த வழக்கையே இக்கட்டுரையில் விரிவாகக் காணப் போகிறோம். புள்ளியியல் பயிலும் எனக்கு அதில் ஒரு தனி ஈடுபாடும் உண்டு.

வழக்கின் பின்னணி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்து ஹேசல் பார்க் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே செவிலியர் இருவர் இணையராய் வாழ்ந்து வந்தனர். இருவரும் பெண்கள். ஒருவருக்குப் பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி. மற்றவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் பணி. கைவிடப்பட்ட குழந்தைகளை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு அரசு வழங்கும் உரிமத்தையும் இருவரும் பெற்றிருந்தனர். 2009-ஆம் ஆண்டு தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குழந்தைகள் அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஓர் ஆண் குழந்தை, மாதம் நிறையாமல் பிறந்து பெற்றவளால் விடப்பட்டது; இரவு பகலாகக் கவனித்தாலன்றி உயிர் தங்காத நிலை. பெண் குழந்தைக்கும் தனிக் கவனிப்புத் தேவைப்பட்டது. வேறு எவரும் கேட்டு வராத பிள்ளைகள் இவர்கள் என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

மிச்சிகன் சட்டப்படி தத்தெடுக்கத் தகுதியுடையோர் இரு வகையினர். ஒன்று, தனி நபர். மற்றொன்று, திருமணமான கணவன் மனைவி. 2004-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 59 விழுக்காடு வாக்காளர் ஆதரவுடன், திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானதே என்று அம்மாநில அரசமைப்பில் எழுதிவிட்டார்கள். ஆகவே இச்செவிலியர் இருவரும் தம்பதியாக விண்ணப்பிக்க வழியில்லை; தனி நபராக விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. ஒருவர் இரு ஆண் குழந்தைகளையும், மற்றவர் பெண் குழந்தையையும் தனித்தனியே தத்தெடுத்தனர்.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின் கீழ் உறங்கும் மூன்று பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் உடன்பிறப்புகளே அல்லர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு பெற்றோர்தான். அந்த ஒருவர் பணியில் இருக்கும்போது பிள்ளை மயங்கி விழுந்தால், பக்கத்தில் நிற்கும் மற்றொருவரை மருத்துவமனையோ பள்ளியோ பெற்றோராக மதிக்க வேண்டியதில்லை. அந்த ஒருவர் இறந்துபோனால் பிள்ளை யாரிடம் செல்லும் என்பது நீதிமன்றத்தின் விருப்பம். இத்தனை ஆண்டுகள் சோறூட்டிய மற்றொருவருக்கு அப்பிள்ளைமீது எந்த உரிமையும் கிடையாது. பிள்ளைக்கும் அவர்மீது உரிமை கிடையாது. இங்கே சட்டம் தண்டிப்பது பெரியவர்களை என்று பலர் எண்ணுகிறார்கள். தாள்களைப் புரட்டிப் பார்த்தால் இழப்பின் பெரும்பகுதி பிள்ளையின் கணக்கில் எழுதப்பட்டிருப்பது தெரியும்.

2012 சனவரியில் இருவரும் வழக்குத் தொடுத்தனர். முதலில் அவர்கள் திருமண உரிமையைக் கேட்கவே இல்லை. ஒருவர் பிள்ளையை மற்றொருவரும் தத்தெடுக்க வழி வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. வழக்கை விசாரித்த நீதியரசர் பெர்னார்ட் ஃபிரீட்மன், அதிபர் ரீகன் காலத்தில் நியமனம் பெற்றவர். அவரே, தடையாய் நிற்பது தத்தெடுப்புச் சட்டமன்று, திருமணச் சட்டம்தான் என்று சுட்டிக்காட்டி, மனுவைத் திருத்திக் கொள்ள வாய்ப்பளித்தார். அவ்வாறே மனு திருத்தப்பட்டது.

கூண்டில் ஏறிய புள்ளிவிவரம்

மாநில அரசின் முதன்மையான வாதம் இதுவே: பிள்ளை வளர்வதற்கு மிகச் சிறந்த சூழல் தாயும் தந்தையும் உள்ள வீடு, ஆதலால் திருமணத்தை ஆண் பெண் இணைக்கு மட்டும் ஒதுக்குவது முறையே. இது உண்மை நிகழ்வுகளைப் பற்றிய கூற்று. ஆகவே சோதித்துப் பார்க்கத்தக்கது. 2014 பிப்ரவரி 25-ஆம் நாள் விசாரணை தொடங்கி, மார்ச்சு முதல் வாரம் வரை நடந்தது. உளவியலார், சமூகவியலார், பொருளியலார் எனப் பலர் சாட்சியளித்தனர்.

மனுதாரர் தரப்பில் வந்தவர்களுள் ஒருவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சமூகவியலார் மைக்கேல் ரோசன்ஃபெல்ட். இவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக்கு 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அடிப்படை. பிள்ளைகள் பள்ளியில் தம் வயதுக்கேற்ற வகுப்பில் இருக்கிறார்களா, பின்தங்கி அதே வகுப்பில் மீண்டும் இருக்கிறார்களா என்பதை அவர் அளந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் திருமணமான ஆண் பெண் இணையரின் பிள்ளைகள் சற்று முன்னே நிற்கிறார்கள். ஆனால் பெற்றோரின் வருவாயும் கல்வியும் சமமாக உள்ள வீடுகளை மட்டும் ஒப்பிட்டால் அந்த வேறுபாடு சிறுத்துப் போகிறது. எஞ்சியதும் சிறப்புகாண் சோதனையில் தேறவில்லை. அதே ஆய்வில் வேறொரு முடிவும் உண்டு. அநாதை இல்லம், காப்பகம் போன்ற இடங்களில் வாழும் பிள்ளைகளைவிட, எவ்வகைக் குடும்பத்தில் வளரும் பிள்ளைகளும் மிகவும் முன்னே நிற்கிறார்கள். தத்தெடுப்பைப் பற்றிப் பேசுவோர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே என்பது என் கருத்து. மேற்சொன்ன மூன்று பிள்ளைகளுக்கும் எதிரே இருந்த மாற்று வழி, வேறொரு தாய் தந்தையர் வீடன்று.

அரசு தரப்பில் வந்தவர்களுள் மார்க் ரெக்னரஸ் என்னும் டெக்சாஸ் சமூகவியலார் குறிப்பிடத்தக்கவர். 18 வயது முதல் 39 வயது வரையுள்ள ஏறத்தாழ 3000 பேரிடம் வினாக்கள் கேட்டு 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருந்தார். பெற்றோருள் ஒருவர் தன்பாலின உறவு கொண்டிருந்த வீட்டில் வளர்ந்தோர், வேலை, மனநலம் முதலிய பலவற்றில் பின்தங்கியிருப்பதாக அவர் காட்டினார். மாதிரி பெரிது, எண்களும் பிழையில்லை. அப்படியானால் குறை எங்கே?

குறை ஒப்பீட்டில் இருந்தது. தாய்க்கோ தந்தைக்கோ எப்போதேனும் அத்தகைய உறவு இருந்ததா என்பதே அவர் கேட்ட வினா. "ஆம்" என்றவர்களுள் பெரும்பாலோர் ஆண் பெண் திருமணத்தில் பிறந்து, அது முறிந்தபின் இங்கும் அங்குமாக வளர்ந்தவர்கள். பிறந்தது முதல் 18 வயது வரை இரு பெண்களிடமே வளர்ந்தோர் அம்மாதிரியில் இருவர் மட்டுமே! இவர்களை எல்லாம் ஒரு பக்கம் நிறுத்தி, ஒரு நாளும் பிரியாத தாய் தந்தையரிடம் வளர்ந்தோரை மறு பக்கம் நிறுத்தினால், நாம் அளப்பது மணமுறிவின் விளைவையா, பெற்றோரின் பாலினத்தின் விளைவையா? முதலாண்டிலேயே எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டும் பாடம் இது. நீதியரசர் ஃபிரீட்மன் இச்சாட்சியத்தைச் சிறிதும் நம்பத் தகாதது என்று ஒதுக்கித் தள்ளினார்.

ஐயப்பட வேண்டிய இடம் மறு பக்கத்திலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரோசன்ஃபெல்ட் தம் கணக்கில், ஐந்தாண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்த பிள்ளைகளை மட்டுமே எடுத்துக்கொண்டார். அரசு தரப்புப் பொருளியலார் டக்ளஸ் ஆலன் முதலியோர், அந்த வரம்பை நீக்கினால் முடிவு மாறுகிறது என்றனர். வாதம் கேட்பதற்குச் சரிபோலவே தோன்றும். ஆனால் நேற்று வரை வேறு வீட்டில் இருந்து இன்று இவ்வீட்டுக்கு வந்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் தவறியிருந்தால், அந்தத் தவறுதலை எந்த வீட்டின் கணக்கில் எழுதுவது? வரம்பு வைத்ததே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் துறையில் இதை ஏற்காதவர் இருந்தால் அடுத்த ஆண்டு மலரில் எழுதலாம்.

நீதியரசர் இவ்வளவோடு நிற்கவில்லை. பிள்ளை வளர்ப்புக்குச் சிறந்த சூழல் உள்ளவருக்கு மட்டுமே திருமணம் என்ற அரசின் அளவுகோலை அதன் கடைசி எல்லை வரை நீட்டிக் காட்டினார். பள்ளித் தேர்ச்சிதான் அளவு என்றால், புள்ளிவிவரப்படி செல்வர்களும் நன்கு கற்றவர்களும் புறநகரில் வாழும் ஆசிய மரபினரும் தவிர வேறு எவருக்கும் மணமுடிக்கும் தகுதி இராதே என்று கேட்டார். பிற ஆண் பெண் இணையருள் எவரையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தாத அரசு, ஒரு சாராரிடம் மட்டும் அதைக் கேட்பானேன்?

தீர்ப்பின் இப்பகுதியைப் படித்தபோது நான் நெடுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. என் பெற்றோர் இருவரும் பள்ளிக்கூடம் சென்றவர்கள் அல்லர். கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் "இல்லை" என்று நானே எழுதினேன். அப்பா கைநாட்டு வைத்தார். எங்கள் ஊரில் கல்லூரி வரை வந்தோர் வீடுகளில் பாதி இப்படிப்பட்டவைதாம். மிச்சிகன் அரசு நீட்டிய அளவுகோலை எங்கள் தெருவில் கொண்டுவந்து வைத்தால் முதலில் குறைப்படுவது எங்கள் வீடு. என் அம்மாவின் கல்வியையும் வருவாயையும் வைத்து, இவள் பிள்ளை வளர்க்கத் தக்கவளா என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எந்த எண்ணைக் காட்டி விடை சொல்லியிருப்பாள்?

தீர்ப்பும் அதன்பின்னும்

2014 மார்ச்சு 21-ஆம் நாள் வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. மிச்சிகனின் தடை செல்லாது என்றாயிற்று. மறுநாள் சனிக்கிழமை; விடுமுறையாயினும் நான்கு மாவட்டங்களில் அலுவலகத்தைத் திறந்து வைத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட இணையர் அன்றே மணமுடித்தனர். அன்று மாலைக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. நவம்பர் 6-இல் அந்நீதிமன்றம் ஃபிரீட்மனின் தீர்ப்பையே புரட்டிவிட்டது. பின்னர் வேறு மூன்று மாநில வழக்குகளுடன் சேர்ந்து இவ்வழக்கும் உச்ச நீதிமன்றம் சென்றது. 2015 சூன் 26-இல் ஒன்பது நீதியரசருள் ஐவர் ஆதரவுடன் நாடு முழுமைக்கும் திருமண உரிமை வழங்கப்பட்டது. ஓபர்கஃபெல் வழக்கு என்று உலகம் அறிந்த தீர்ப்புக்குள் ஹேசல் பார்க் வழக்கும் அடங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நீதியரசர் கென்னடி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் பிள்ளைகளின் நிலை ஒரு தனிக் காரணமாகவே எடுத்துரைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் செவிலியர் இருவரும் மணம் செய்துகொண்டனர். நடத்தி வைத்தவர் நீதியரசர் ஃபிரீட்மனே. நவம்பரில் ஒருவர் பிள்ளைகளை மற்றவரும் தத்தெடுத்தார்.

திருமணம் கிடைத்தவுடன் யாவும் தீர்ந்துவிடவில்லை. ஆர்கன்சா மாநிலத்தில் 2015-இல் பெண் இணையர் இருவருக்குக் குழந்தைகள் பிறந்தன. இரு இணையரும் முறைப்படி மணமானவர்கள். கொடையாளரின் விந்தணு மூலம் ஒவ்வோர் இணையிலும் ஒருவர் கருவுற்றார். பிறப்புச் சான்றிதழில் பெற்றவள் பெயரை மட்டும் எழுதி, அவள் துணைவியின் பெயரை எழுத மறுத்தது அரசு. பிறப்புச் சான்றிதழ் இரத்த உறவைக் குறிப்பது என்று காரணம் கூறினார்கள். அறிவியல் மாணவர்க்கு உடன்பாடான வாதம்தானே என்று தோன்றும். ஆனால் அம்மாநிலச் சட்டத்தையே திருப்பிப் பாருங்கள். மணமான பெண் ஒருத்தி கணவனின் ஒப்புதலோடு, முகமறியாத கொடையாளரின் விந்தணுவால் கருவுற்றால், இரத்தத் தொடர்பே இல்லாத அக்கணவனின் பெயரைத் தந்தை என்று எழுத வேண்டும் என்கிறது அது! ஆக, சான்றிதழ் இரத்தத்தைக் குறிக்கவில்லை. திருமணத்தால் வரும் பொறுப்பையே குறித்தது. கணவனுக்கு உள்ளது துணைவிக்கும் உண்டு என்று 2017 சூன் 26-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சமூகத்தின் ஏற்பு

கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்புப்படி, அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத்தை ஆதரித்தோர் 1996-இல் 27 விழுக்காட்டினர். 2015-இல் 60 விழுக்காட்டினர். சட்டத்தைவிடச் சமூகத்தின் ஏற்பு பிள்ளையின் அன்றாடத்தை அதிகம் பாதிக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சான்று. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட அவ்வாய்வில் 315 பெற்றோர், 500 பிள்ளைகளைப் பற்றித் தகவல் தந்தனர். உடல் நலம், குடும்ப ஒற்றுமை முதலியவற்றில் இப்பிள்ளைகள் நாட்டின் பொதுவான பிள்ளைகளைவிடச் சற்று மேலாகவும், மற்றவற்றில் சமமாகவும் இருந்தனர். ஆயினும் ஊராரின் இழிசொல்லும் ஒதுக்கலும் மிகுந்த வீடுகளில் பிள்ளைகளின் மதிப்பெண் இறங்கியது. தாமே முன்வந்தோரிடம் திரட்டிய தகவல் இது. ஆதலால் முதற்கூற்றை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். இரண்டாவது கூற்று அக்குழுவுக்குள்ளேயே செய்த ஒப்பீடு என்பதால் அதற்கு வலிமை மிகுதி. "பிள்ளையின் கதி என்ன?" என்று கேட்ட தோழியரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் பிள்ளையை நோகடிப்பது நாம்தானா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் அவளை முறைத்தார்கள்.

நம் நாட்டு நிலை

2018 செப்டம்பர் 6-இல் நம் உச்ச நீதிமன்றம், வயது வந்தோரின் தன்பாலின உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. திருமண உரிமை கேட்ட வழக்கில் 2023 அக்டோபர் 17-இல் ஐந்து நீதியரசர் கொண்ட அமர்வு அதை வழங்க மறுத்தது. அத்தீர்ப்பில் தத்தெடுப்புப் பற்றிய பகுதியே நம் பொருளுக்கு உரியது.

இளைஞர் நீதிச் சட்டப்படி தனி நபர் தத்தெடுக்கலாம் (தனி ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது). ஆனால் 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் 5(3) விதிப்படி, தம்பதியாகத் தத்தெடுப்போர் இரண்டாண்டுகளேனும் நிலையான மணவாழ்வில் இருந்திருக்க வேண்டும். திருமணமே இல்லாதபோது தன்பாலின இணையர் இவ்விதிக்குள் நுழைய முடியாது. தலைமை நீதியரசர் சந்திரசூடும் நீதியரசர் கவுலும் இவ்விதி செல்லாது என்றனர். ஆணும் பெண்ணும் இணைந்த குடும்பமே பிள்ளைக்கு நிலைத்த வாழ்வு தரும் என்பதற்கு எந்தச் சான்றும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை என்பது தலைமை நீதியரசரின் கருத்து. மற்ற மூவர், நீதியரசர்கள் பட், கோலி, நரசிம்மா ஆகியோர், விதியை நீக்க உடன்படவில்லை. ஆயினும் தன்பாலின இணையர் நல்ல பெற்றோராக மாட்டார்கள் என்பது தம் முடிவன்று என்று நீதியரசர் பட் தெளிவாகவே எழுதினார். இத்தகைய வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கும் எல்லாப் பயன்களும் கிடைக்கும் வழியை அரசு ஆராய வேண்டும் என்றும் சுட்டினார். மூவருக்கு இருவர் என்ற கணக்கில் விதி நின்றது. மறு ஆய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடி ஆயின.

அதே ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, பெண் ஒருவரைப் பெற்றோர் பிடியிலிருந்து மீட்டுத் தருமாறு அவர் தோழி தொடுத்த வழக்கை விசாரித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்து நம் சட்டவியலில் ஏற்கப்பட்டதே என்றும் அது கூறியது. அவ்வழக்கில் பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கும் வீட்டில் நிலை எதுவெனில், இணையருள் ஒருவர் தனி நபராகத் தத்தெடுத்தால் அவர் பெயர் சான்றிதழில் ஏறும். மற்றவர் பெயரை எழுதக் கட்டம் இல்லை. ஹேசல் பார்க் வீட்டில் 2015 வரை இருந்ததும் இதுவே.